சொல்லாததற்கு மறுப்பு

முழுகாமல் இல்லை அக்கா. சத்தியமாக இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எலுமிச்சம்பழத்துக்கு நன்றி, கொடுங்கள், வைத்துக்கொள்கிறேன். ஆனால் இது பழத்தை முகர்ந்தால் நிற்கிற மயக்கம் இல்லை. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்கள், முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தீர்கள், 'எத்தன மாசம்மா?' என்று கேட்டுவிட்டீர்கள். கோபமெல்லாம் இல்லை. முகத்துக்கு நேராகக் கேட்டீர்களே, அந்த வகையில் நீங்கள் நல்லவர். என் ஹாஸ்டலில் இதே கேள்வியை ஒரு மாடி முழுக்க என் முதுகுக்குப் பின்னால் கேட்டார்கள்.

ஓர் உதவி செய்யுங்கள். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள். காற்றுக்காக இல்லை. என் இடது காது கேட்காது. சுத்தமாகக் கேட்காது என்றும் சொல்ல முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு யாரோ அடுத்த வீட்டில் பேசுகிற மாதிரி வரும், அதற்கு மேல் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் நீங்கள் உட்கார்ந்தால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. 'காது நல்லாருந்தப்ப மட்டும் யாரு பேச்சளா கேட்ட?' என்பாள் என் அம்மா. அவளை விடுங்கள்.

ஆங், இப்போது சரி. பாட்டுப் போடாத பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன், அதிலும் நிம்மதியில்லை, இந்த ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது.

நானா? யூனிவர்சிட்டி விலக்கில் இறங்க வேண்டும். எம்.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம். படிக்கப் போகவில்லை, டி.சி. வாங்கப் போகிறேன். மடியில் இருக்கிற பை காலி. ஹாஸ்டலில் கிடக்கிற துணி, புத்தகம் எல்லாம் இதில் திரும்பி வரும். 'ஏம்மா, படிப்ப விடலாமா?' என்றுதானே கேட்க வந்தீர்கள்? வாயைத் திறக்கவே இல்லையா? சரி. கேட்டிருந்தாலும் தப்பில்லை. சொல்கிறேன். என் பேர் ஃபெபியோலா. ஊர் தூத்துக்குடி திரேஸ்புரம். எனக்குத் துரோகம் செய்தவள் பேர் இசக்கி.

சேரன்மாதேவி ஊர்ப் பிள்ளை. என் வகுப்பு, என் அறை, அடுத்த கட்டில். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள், அதையும் யோசித்துவிட்டுப் பேசுவாள். எனக்கு எதிலும் வாதம் வேண்டும் அக்கா. மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாக இருந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், நான் காரணம் கேட்பேன். எங்கள் யூனிவர்சிட்டி சொற்போர் அணியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜோடி. சொற்போர் என்றால் டிவியில் வருகிற பட்டிமன்றம் மாதிரி சிரிப்புக்காட்டுகிற வேலை இல்லை. ஓர் அணிக்கு இரண்டு பேர். முதல் ஆள் நம் கட்சியை நிறுத்த வேண்டும். இரண்டாவது ஆள் எதிர்க்கட்சியைச் சாய்க்க வேண்டும். அதற்குப் பெயர் மறுப்புரை. எதிரணி சொன்னதை முதலில் அப்படியே எடுத்துச் சொல்லி, பிறகுதான் மறுக்க வேண்டும். அது விதி.

மறுப்புரை என்னுடையது. இசக்கி முதலில் பேசிவிட்டு வந்து உட்காருவாள். எதிரணி பேசும்போது அவள் கவனிப்பாள். துண்டுச்சீட்டு கொடுக்கக் கூடாது, காதில் கிசுகிசுக்கக் கூடாது. உள்ளங்கையில் எழுதக் கூடாது என்று மட்டும் யாரும் விதி போடவில்லை. அவள் பால்பாயின்ட் பேனாவால் இடது கையில் நாலைந்து சொல் கிறுக்கி மேசைக்குக் கீழே என் மடிப் பக்கம் நீட்டுவாள். நான் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு எழுந்தால், அவ்வளவுதான், எதிரணி காலி. துறையில் எங்களுக்குப் பேரே 'காதும் வாயும்'. 'காது எங்கம்மா?' என்று என்னைக் கேட்பார்கள், 'வாய் எங்கம்மா?' என்று அவளைக் கேட்பார்கள். அவள் காது இரண்டும் இன்றைக்கும் பாம்புக் காது. எனக்குத்தான் இப்படி வந்தது.

பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பின வாரம். மெஸ்ஸில் இட்லி வரிசையில் நிற்கிறேன். இடது காது திடீரென்று அடைத்தது, குளத்தில் முங்கி எழுந்தால் அடைக்குமே, அப்படி. பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் மாதிரி ஒரு சத்தம். யாரோ ஃபேனைப் போட்டார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை. சுவர் ஓடுகிறது. தரை சாய்கிறது. எங்கள் அப்பா வள்ளத்துக்காரர் அக்கா. அலையில் வள்ளம் ஏறி இறங்கும்போது நின்றுகொண்டே சோறு தின்கிற மனுஷர். அவர் மகளுக்கு சிமெண்ட் தரை ஆடுகிறது! இந்த அநியாயத்தை எந்தக் கோர்ட்டில் சொல்ல?

தட்டோடு விழுந்தேன். வாந்தி. இசக்கிதான் தூக்கிக்கொண்டு போனாள், அவள்தான் என் தாவணியை அலசினாள், அவள்தான் தரையைத் துடைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை. செய்ததை மறைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் கேளுங்கள், இரண்டாவது தடவை வந்தபோது நான் அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

'ஏட்டி ஃபெபி, இது சரியில்ல. வார்டனம்மாட்ட மட்டுமாவது சொல்லிருவோம்.'

'யார்ட்டயும் சொல்லக் கூடாது.'

'படியில விழுந்து மண்ட ஒடஞ்சா?'

'ஒடஞ்சா ஒட்டிக்கிடலாம். மேடையிலருந்து எடுத்துட்டாங்கன்னா எங்க போயி ஒட்ட? என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.'

தலையில் கையை வைத்தாள். அடிக்கவில்லை. அடித்தால் சுற்றும் என்று பூப்போல வைத்தாள். பூப்போல வைத்தால் சத்தியம் செல்லாதா? செல்லும்தானே? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

யூனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர். 'ராத்திரி முழிச்சிருக்கியாம்மா? பரீட்ச பயமா? லவ்வு கிவ்வு?' என்றார். 'தரை ஆடுது சார்' என்றேன். 'ஆடும், ஆடும். கல்யாணமானா நின்னுரும்' என்றார். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தலைசுற்றல் வந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும் அக்கா. வரப்போகிறதோ என்கிற நினைப்பு இருக்கிறதே, அது போகாது. எழுந்ததிலிருந்து அதுதான். மாடிப்படி இறங்கலாமா, ரோட்டைத் தாண்டலாமா, வரிசையில் நிற்கலாமா. தலைக்குக் குளிக்கும்போது சீயக்காய்க்குக் கண்ணை மூடினால் போதும், பூமி காலை வாரும். அதனால் குளிப்பதையே தள்ளிப்போட்டேன். இசக்கிதான் பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிவிடுவாள். இதையும் மறைக்கவில்லை.

அப்புறம் அந்தச் சொல். 'ஒண்ணுமில்ல, விடு.' கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், யாரோ ஒருத்தி ஏதோ சொல்வாள், எல்லாரும் சிரிப்பார்கள். 'என்ன, என்ன?' என்று நான் கேட்பேன். 'ஒண்ணுமில்ல, விடுட்டி.' சிரித்தது ஒன்றுமில்லாததற்கா? ஒரு தடவை கேட்டால் திருப்பிச் சொல்வார்கள். இரண்டாவது தடவை கத்திச் சொல்வார்கள். மூன்றாவது தடவை விடு. நான் சந்தேகப் பிராணி இல்லை அக்கா. ஆனால் இடது பக்கம் நாலு பேர் சிரித்தால் அது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியுமா? வேறு எதைப் பற்றியாவது இருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பார்களே! இசக்கி மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் திருப்பிச் சொல்வாள். முகத்துக்கு எதிரே வந்து நின்று சொல்வாள். அதெல்லாம் நடிப்பு என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சொற்போர்ப் போட்டியின் அரையிறுதிக்கு வருகிறேன். 'பெண்ணுக்கு விடுதலை தருவது கல்வியா, வேலையா?' என்று தலைப்பு. நாங்கள் வேலை. எதிரே நாகர்கோவில் அணி, கல்வி. அந்தப் பையன் என்ன பேசுவான் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். கல்வி மட்டும் போதும் என்பான், படித்த பெண் தானே எழுந்து நிற்பாள் என்பான். அவன் கட்சிக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவனுடைய மைக் என் இடது பக்கம். அன்றைக்குக் காலையிலிருந்தே காதில் எக்ஸாஸ்ட் ஃபேன். இசக்கி மேசைக்குக் கீழே கையை நீட்டினாள். குனிந்தால் சுற்றும் என்பதால் நான் குனியவில்லை. தொடையில் தட்டினாள். கிள்ளினாள் கூட. தேவையில்லை என்று தள்ளிவிட்டேன். எழுந்தேன். 'எதிரணி நண்பர் சொன்னார், கல்வி மட்டும் போதுமென்று!' அப்படித் தொடங்கி அக்கா, கிழித்துத் தொங்கப்போட்டேன். பட்டம் வாங்கி அதைச் சட்டம் போட்டு மாட்டி அதற்குக் கீழேயே அடுப்பு ஊதுகிற பெண்களைப் பற்றிச் சொன்னேன். கைதட்டல்! பின்வரிசைப் பையன்கள் விசில்!

இறங்கியதும் இசக்கி சொல்கிறாள், 'அவன் அப்பிடிச் சொல்லவே இல்லட்டி. கல்வி மட்டும் போதாதுன்னுதான் அவனே ஆரம்பிச்சான். வேல முக்கியம், ஆனா அந்த வேலையில ஏமாத்துனா கேக்கதுக்குப் படிப்பு வேணும்னு சொன்னான். கையில எழுதிக் காட்டுனேன்லா?'

'அவன் சொல்லியிருக்க வேண்டியதுக்குத்தான் நான் பதில் சொன்னேன்' என்றேன். தப்பா? அவன் கட்சியை அவன் ஒழுங்காக வாதாடவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பா? நடுவர் மட்டும் தாளில் ஏதோ குறித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். மதிப்பெண்ணில் நூலிழையில் ஜெயித்தோம். என் கைதட்டலால் என்று நான் சொல்கிறேன். இசக்கியின் தொடக்க உரையால் என்று நடுவர் சொன்னாராம். நடுவர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

அதற்குள் ஹாஸ்டலில் கதை கட்டிவிட்டார்கள். கல்யாணமாகாத பெண் வாந்தி எடுக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், மெஸ்ஸுக்கு வருவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். வேறென்ன கதை வரும்? ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தால் என் தலையணை மேல் ஒரு மாங்காய். பச்சை மாங்காய், பக்கத்தில் பொட்டலத்தில் உப்பும் மிளகாய்ப்பொடியும். யார் வைத்தார்கள் என்று மாடி முழுக்கக் கேட்டேன். எல்லாரும் 'ஒண்ணுமில்ல, விடு'. இசக்கி அந்த மாங்காயை ஜன்னல் வழியாக வீசி எறிந்தாள். அவள் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். அறையை விட்டு வெளியே போனாள். நேராக எங்கே போனாள் தெரியுமா? வார்டனம்மாவிடம்.

சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும். காது அடைப்பது, தரை ஆடுவது, விழுந்தது, குளிக்கப் பயப்படுவது, சிரித்தால் சந்தேகப்படுவது. வார்டனம்மா அந்தக் கதையை நம்பி அன்று சாயங்காலமே திரேஸ்புரத்துக்குப் போன் போட்டு, 'ஒங்க பிள்ளயக் கூட்டிட்டுப் போங்க, ஹாஸ்டல் மானம் போகுது' என்று சொல்ல இருந்தாராம். எங்கள் அப்பா என்ன செய்திருப்பார் என்று யோசிக்க வேண்டுமாம். அதைத் தடுக்கத்தான் சொன்னேன் என்பது இசக்கி கட்சி.

நீங்களும் தலையாட்டுகிறீர்கள். ஆட்டாதீர்கள், என் மறுப்பைக் கேட்டுவிட்டு ஆட்டுங்கள். நான் கர்ப்பம் என்பது பொய். பொய் எத்தனை நாள் நிற்கும்? வயிறு பெரிதானால்தானே நிற்கும்? மூன்று மாதத்தில் அந்தப் பொய் தானே செத்திருக்கும். ஆனால் எனக்குக் காது கேட்கவில்லை என்பது உண்மை. உண்மை போகாது. ஒரு தடவை வெளியே வந்தால் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். தானாகச் சாகப்போகிற பொய்யை அடிப்பதற்கு என் உண்மையை எடுத்து வீசியிருக்கிறாள்! இதில் எங்கே நியாயம்? சொல்லுங்கள். ம்? அப்பா அதுவரை பொறுப்பாரா என்றா? அது வேறு கேள்வி அக்கா. தலைப்புக்கு வெளியே போகாதீர்கள்.

வார்டனம்மா துரைப்பாண்டி சாரிடம் சொல்ல, சார்தான் சொற்போர் அணிக்குப் பொறுப்பு, மறுநாள் பயிற்சிக்குப் போகிறேன், என் நாற்காலியில் இசக்கி. இசக்கியின் நாற்காலியில் முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி. சார் எழுந்து வந்தார். என்னை வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசி, 'ஏ, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்' என்று திட்டுகிற மனுஷர். அன்றைக்கு என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, 'ஃபெபி... யோலா... நீ... ரெஸ்ட்... எடும்மா... சரியா?' என்று ஒவ்வொரு சொல்லாக வைக்கிறார். எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. 'ஏன் சார் என்னை எடுத்தீங்க? காரணம் சொல்லுங்க' என்றேன். 'ஆமாம்மா, ஆமாம்மா' என்றார். அக்கா, நான் கேட்டது காரணம். ஆமாம்மா என்பது காரணமா?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காது கேட்காதவளிடம் யாரும் வாதாட மாட்டார்கள். தலையாட்டிவிடுவார்கள். நான் தோற்றால் பரவாயில்லை அக்கா, நாலு பேர் பேசித் தோற்கடிக்கட்டும். இப்படி ஆமாம் போட்டே என்னை ஓரமாக வைத்துவிட்டால் நான் எங்கே போய் நிற்க? என் காதைப் பற்றி வார்டன் பேசியாயிற்று, சார் பேசியாயிற்று, முதல் வருஷத்துப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்தாயிற்று. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் கூடி முடிவெடுத்த அறைக்குள் நான் கடைசியாக நுழைகிறேன்.

அறைக்கு வந்து இசக்கியை நிறுத்திவைத்துக் கேட்டேன். முதலாவது, சத்தியத்தை மீறினாய். இரண்டாவது, என் இடத்தில் உட்கார்ந்தாய். மூன்றாவது, இவ்வளவு நாளும் வாயின் இடத்துக்காகக் காத்திருந்த காது நீ. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நடுநடுவே ஏதோ சொன்னாள். என் இடது பக்கம் நின்றாள், சுவரைப் பார்த்துப் பேசினாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திருப்பிச் சொல் என்று நான் கேட்கவும் இல்லை. எதற்கு? அவள் கட்சிக்கு வேறு போக்கிடம் கிடையாது. மறுநாள் விடியற்காலையில் ஊருக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் இன்னொரு கூத்து. அம்மா என்னைத் தூத்துக்குடியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு பெண். சோதனைக்கு ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் பட்டன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இரண்டு மூன்று சத்தம் வந்ததும் எனக்கு அதன் ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்துபோனது. சரியாக அந்த நேரத்தில் அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் வெளியே வந்து, 'நான் இன்னும் சத்தமே போடலயே, எதுக்கு அழுத்துறீங்க? கேட்டா மட்டும் அழுத்துங்க' என்றாள். 'போடுற நேரந்தானே?' என்றேன். மறுபடி முதலிலிருந்து வைத்தாள். சிரிக்காதீர்கள் அக்கா. ஊகிப்பதும் ஒரு திறமைதான்.

டாக்டரம்மா படத்தில் காட்டினார். உள்காதில் இருக்கிற நீரின் அழுத்தம் கூடிவிடுகிறதாம், அதுதான் கேட்கிறதையும் கெடுக்கிறது, நிற்கிறதையும் கெடுக்கிறது. காதுக்குள்தான் நம்மை நிமிர்த்தி வைக்கிற சூட்சுமமும் இருக்கிறதாம். முதல் முறையாக ஒருவர் லவ்வா என்று கேட்காமல் பேசினார், எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, 'காதுக்கு மட்டும் மருந்து தந்தாப் பத்தாது, இந்தப் பயத்துக்கும் ஒருத்தர்ட்ட பேசணும். இப்பிடி வர்றவங்கள்ல நிறையப் பேரு வீட்டுக்குள்ளயே அடைஞ்சு போயிருவாங்க' என்றார். 'நான் ஒண்ணும் பயப்படல' என்றேன். 'மொதல்ல அந்த நாற்காலிக் கையை விட்டுட்டுச் சொல்லு' என்றார். மனசு டாக்டரிடமும் ஒரு சீட்டு போட்டுக் கொடுத்தார். இன்னும் போகவில்லை.

உப்பைக் குறைக்கச் சொன்னார். எங்கள் அம்மா கருவாடு போடுகிறவள். வீட்டு முற்றம் பூராவும் சாளையும் நெத்திலியும் உப்பில் கிடக்கும். 'உப்பக் கொறைக்கணுமாம்! நம்ம வீட்ல வந்து சொல்லுதா பாரு' என்று வழியெல்லாம் டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் மறுநாளிலிருந்து எனக்குத் தனிச் சட்டி, தனிக் குழம்பு. வாயில் வைக்க விளங்காது.

அங்கே படுத்தவள்தான். கோயிலுக்குப் போகவில்லை, மணியும் கூட்டமும் ஆகாது. கடற்கரைக்குப் போகவில்லை, அலையைப் பார்த்தாலே சுற்றுகிறது. பேசவும் இல்லை. வீட்டில் என்னைப் பார்த்தே பயந்துபோனார்கள், நான் பேசாமல் கிடந்து அவர்கள் பார்த்ததில்லை. சில நாள் காலையில் எதற்காக எழ வேண்டும் என்று யோசிப்பேன். காரணம் கிடைக்காது. எனக்கே காரணம் கிடைக்காது, பாருங்கள்.

இதற்கு நடுவில் என் அம்மா இசக்கியோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். தினமும். 'சாப்பிட்டாளா, குளிச்சாளா, மாத்திர போட்டாளா' என்று அவள் கேட்பாளாம், இவள் ஒப்பிப்பாளாம். துரோகம் எப்படிப் பரவுகிறது பார்த்தீர்களா? போன வாரம் அம்மா சொல்கிறாள், 'அந்தப் புள்ள பைனல் போட்டிக்கே போவலயாம்ளா. நீ இல்லாம பேச மாட்டேன்னு சார்ட்ட சொல்லிட்டாளாம். டீமையே எடுத்துட்டாங்களாம்.'

நான் என்ன சொன்னேன் தெரியுமா? குற்றம் செய்தவளுக்குத்தான் மேடை ஏறக் கால் கூசும் என்றேன். சரிதானே? அவள் போயிருந்தால், என் இடத்தைப் பிடிக்கத்தான் சொன்னாள் என்று ஆகும். போகவில்லை, அதனால் குற்ற உணர்ச்சி என்று ஆகிறது. எப்படிப் பார்த்தாலும் அவள் தப்பிக்க முடியாது. என்ன? போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம் என்றால் அவள் என்னதான் செய்ய வேண்டும் என்றா கேட்கிறீர்கள்?

...

நல்ல கேள்விதான். பதில் சொல்கிறேன், இருங்கள். பஸ் திரும்புகிறது, திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் கண்ணை ஓரிடத்தில் வைக்க வேண்டும்.

ம். என்ன விசில்? விலக்கு வந்துவிட்டதா? அதற்குள்ளா? அது யார் நிழற்குடைக்கு வெளியே வெயிலில் நிற்பது? அவளேதான். எந்த பஸ் என்று அம்மா சொல்லியிருப்பாள். நான் சொன்னேன் அல்லவா, இரண்டு பேரும் கூட்டு.

கையை ஆட்டுகிறாள். வாய் அசைகிறது. எனக்கு இடது பக்கம், இன்ஜின் இரைச்சல் வேறு, ஒன்றும் வரவில்லை. வர வேண்டாம். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? மன்னித்துவிடு என்பாள், அதற்குப் பதில் வைத்திருக்கிறேன். படிப்பை விடாதே என்பாள், அதற்கும் இருக்கிறது. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பாள், அதற்கு மூன்று பதில் இருக்கிறது. நீங்கள் ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? என்ன சொல்கிறாள்? சும்மா சொல்லுங்கள். 'ஒண்ணுமில்ல'ன்னு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

'கண்டக்டரண்ணே, வண்டிய எடுத்துராதீய, அந்தப் பிள்ளைக்குத் தல சுத்தும், மெதுவாத்தான் எறங்கும்' என்றா?

பார்த்தீர்களா! பார்த்தீர்களா அக்கா! மறுபடியும்! பஸ் நிறைய ஆள், முன்சீட்டுத் தாத்தா திரும்பிப் பார்க்கிறார், கைப்பிள்ளைக்காரி எட்டிப் பார்க்கிறாள். இதைத்தானே இவ்வளவு தூரம் உங்களிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்? சொல்லலாமா என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டாளா? மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, வந்து நின்றதும் முதல் வேலையாக... இதை அவள் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லையே.

டிரைவர் எதற்கு இன்ஜினை அணைக்கிறார்? யார் அணைக்கச் சொன்னது? எல்லாரும் காலை மடக்கி வழி விடுகிறார்கள், கல்யாண மண்டபத்தில் விடுகிற மாதிரி.

வேண்டாம், கையை விடுங்கள், நானே இறங்கிக்கொள்வேன். நான் ஒன்றும்... இருங்கள். ஒரு நிமிஷம். எழுந்தால்தான் தெரிகிறது. சரி, பிடித்துக்கொள்ளுங்கள். படி வரைக்கும்தான். அதற்குக் கீழே அவள் நிற்கிறாள்.

என்ன அக்கா? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள். டி.சி.யா? இன்றைக்கு எங்கே வாங்க? ஆபீஸை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் இவளோடு சண்டையைத் தொடங்கக்கூட முடியாது.